மாப்பிள்ளை கண்ணாடியின் நிழல் எழுத்து

டப்ளின், கலிஃபோர்னியா
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள தஹ்ஸீன் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார்கள். நான் ரகசியமாக ஒன்று சொன்னால், நீங்கள் திண்டுக்கல்லில் இருந்து, “என்னது, மாப்பிள்ளை செஞ்ச கண்ணாடி சரியில்லையா?” என்று கத்துவீர்கள். அது ஹால் முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டுக் கஸ்தூரிரங்கனும் அவர் மனைவி புஷ்பவல்லியும் வியாழக்கிழமை சென்னைக்குப் போகிறார்கள். அங்கே தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். உறையைப் பசை போட்டு நன்றாக ஒட்டிவிடுவேன், ஏனென்றால் அவர்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

நம் மாப்பிள்ளை ஆதிஃப் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு மூக்குக் கண்ணாடி செய்கிறார்கள். போட்டுக்கொண்டால் எதிரே காற்றில் எழுத்தும் படமும் தெரியும். காதுப் பக்கக் கம்பியில் மிளகு அளவு விளக்கு இருக்கிறது. அதன் வெளிச்சம் கண்ணாடியின் ஓரத்தில் நுழைந்து, உள்ளேயே முட்டி மோதி ஓடி, நம் கண்ணுக்கு நேராக வெளியே வருமாம். கண்ணாடி மெல்லிசாகவும் இருக்க வேண்டும், படம் துல்லியமாகவும் வர வேண்டும். அதைச் சரிசெய்வதுதான் ஆதிஃபின் வேலை. தெரிந்தவர்களிடம் போட்டுக் காட்டிக் குறை கேட்டுவரச் சொல்லி, கம்பெனியே ஒரு கண்ணாடியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது.

மாப்பிள்ளை அதைப் பதமாக என் மூக்கில் வைத்து, “எப்படி இருக்கு மாமி?” என்று கேட்டார். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் மங்கலாக அதே எழுத்து இன்னொன்று. வெள்ளைப் பக்கம் காட்டுகிறேன் என்றார். எனக்கு இடது பக்கம் ரோஸ், வலது பக்கம் பச்சை. சமையலறை விளக்கைப் பார்த்தால் வானவில். கண்ணாடி மூக்கில் கொஞ்சம் இறங்கினால் கடைசி வரியைக் காணோம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை என்றேன். பெண்ணைக் கொடுத்தவள் வேறு என்ன சொல்ல முடியும்?

கஸ்தூரிரங்கன் எக்ஸலண்ட் என்றார். வழியனுப்ப வாசலுக்குப் போனபோது புஷ்பவல்லி என் காதருகே வந்து, “எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியறது, எனக்குத்தான் கேட்டராக்டோன்னு பயந்தே போயிட்டேன்” என்றார். நம் மகள் தஹ்ஸீனோ, கண்ணாடி இன்னும் புருஷன் கையில் இருக்கும்போதே சூப்பர் என்றுவிட்டாள். இந்தத் தெருவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பதில்தான். பாவம், அந்தப் பிள்ளை அதை நம்பித் தலைகால் புரியாமல் இருக்கிறார்.

அடுத்த மாதக் கடைசியில் பெரிய அதிகாரிகள் போட்டுப் பார்ப்பார்களாம். அவர்கள் பெண் கொடுத்தவர்கள் இல்லையே. அதில் தெரியும் படம் அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அந்தப் பிரிவையே மூடிவிடுவார்களாம். க்ரீன் கார்டு இன்னும் வரவில்லை, வேலை போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்கிறாள் தஹ்ஸீன்.

அதனால் மாப்பிள்ளையிடம் குறையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கல்யாணப் பந்தியில் தாளிச்சாவில் புளி தூக்கல் என்று சம்பந்தியிடமே சொன்னவர் நீங்கள். அன்றைக்கு எனக்கு மானமே போயிற்று. இன்றைக்கு அந்த வாய் வேண்டியிருக்கிறது. என் பெயர் வரக்கூடாது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அமெரிக்கச் சாமான் என்றாலே அப்படித்தான் என்று சொல்லிவிடுங்கள். எப்போதும் சொல்வதுதானே.

திங்கள்கிழமை

மேலே எழுதியதை நீங்கள் செய்ய வேண்டாம். நேற்று இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது.

பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகிறார்களே என்று மாப்பிள்ளை தன் கையாலேயே விருந்து சமைத்தார். அவர்களுக்காகக் காய்கறி பிரியாணி. காய்கறி போட்டால் அது பிரியாணியா என்று குதிக்காதீர்கள், அதைவிடப் பெரிய சங்கதி இருக்கிறது. அதில் ஒரு கல் உப்புகூட இல்லை. முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் தயிர்ப் பச்சடியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எப்படி இருக்கு என்று ஆதிஃப் கேட்டார். பிரமாதம் என்றோம். கஸ்தூரிரங்கன் மரியாதைக்காக இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். புஷ்பவல்லி செய்முறை கேட்டார்.

அவர்கள் போன பிறகுதான் ஆதிஃபும் தஹ்ஸீனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை ஒரு வாய் எடுத்து வைத்தார். உப்பே இல்லையே மாமி என்றார். வாய்ப் பழக்கம் எங்கே போகும்? பரவாயில்ல மாப்பிள்ளை, நல்லாத்தான் இருந்துச்சு என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அலமாரியில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். “அப்ப அதுவும் இப்படித்தானா மாமி?” என்று கேட்டார். கோபமே இல்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நிழல் எழுத்து, ரோஸ், பச்சை, வானவில், காணாமல் போன வரி, ஒன்று விடவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “இதத்தான் மாமி எல்லார்கிட்டயும் கேட்டேன், இன்னும் சொல்லுங்க” என்றார். இன்று காலையில் மேலதிகாரியிடம், இதுவரை வந்ததெல்லாம் மரியாதைப் பதில், கணக்கில் சேர்க்காதீர்கள் என்று சொன்னாராம். அந்த வெள்ளைக்காரருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்றாம். திருத்துவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. எல்லாம் சரியாகுமா என்று தெரியவில்லை. துஆ செய்யுங்கள்.

இன்னொன்று. ஊரில் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிற நீங்கள், நான் இங்கே வந்ததிலிருந்து ஒரு குறையும் சொல்லவில்லை. உடம்பு நல்லா இருக்கு, தூக்கம் நல்லா இருக்கு, மெஸ் சோறுகூட நல்லா இருக்கு என்கிறீர்கள். கேட்டு நிம்மதியாக இருந்தேன். நேற்றிலிருந்து பயமாக இருக்கிறது. நான் ஊர் திரும்பும் டிக்கெட்டை முன் தேதிக்கு மாற்றலாம் என்று ஆதிஃப் சொல்கிறார்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அப்படி இல்லையென்றால், அந்த மெஸ் சோற்றில் ஆரம்பித்து ஒவ்வொரு குறையாக எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கமருன்னிசா