நோட்டீஸின் பின்பக்கம்

நியூயார்க் மாநிலம்,
ஏப்ரல் 1853

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் கிருபையால் என் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஏரிக்கு அக்கரையில் நீயும் மருமகளும் அப்படியே இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். மேலே படிப்பதற்கு முன் உட்கார்ந்துகொள். போன சனிக்கிழமை விடிகாலையில் அப்பா போய்விட்டார். மழையில் நனைந்தபடி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்துவிட்டு வந்து படுத்தவர், நெஞ்சுச்சளியில் எழுந்திருக்கவே இல்லை. அடக்கமும் ஆகிவிட்டது. நீ வரக்கூடாது. கல்லறையையாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பல் ஏறிவிடுவாயோ என்ற பயத்தில்தான் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், தபாலை நம்பாமல் இதைக் கப்பல் சமையல்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அடக்கத்துக்கு ஆலயம் நிறைந்து வெளியே சகதியிலும் சனங்கள் நின்றார்கள். கடைசிப் பெஞ்சில் இரண்டு வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். அப்பா எழுதியதைப் படித்து மரியாதை செலுத்த வந்தவர்கள் என்று நினைத்தேன். பிறகுதான் ஒருவனுடைய தொப்பிக்குள் மடித்து வைத்திருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தந்தால் பணம் என்று கம்பங்களில் ஒட்டுவார்களே, அதேதான். மூட்டையைக் கோலில் மாட்டிக்கொண்டு ஓடும் ஆளின் படம், அது எனக்கு எவ்வளவு தூரத்திலும் தெரியும். அடிமையாக இருந்த எனக்கு விடுதலைத் தாள் எழுதிக் கொடுத்த மேரிலாந்து வீட்டார், அங்கே பிறந்த உன்னை அதில் சேர்க்கவில்லை அல்லவா, இன்றும் அவர்கள் கணக்கில் நீ அவர்கள் சொத்துதான். தகப்பன் சாவுக்கு மகன் வராமலா போவான் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

நீ போனதிலிருந்து சபையில் யாரும் உன் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பா ஜெபத்தில்கூட அக்கரையில் இருப்பவன் என்றுதான் சொல்வார். ஆண்டவருக்கு ஆளு யாருன்னு தெரியும், பேரு எதுக்கு என்பார். காது மந்தமான மூப்பர் ஒபதியாவுக்கும் இது தெரியும், ஆனால் துக்கத்தில் மறந்துபோனார். பெட்டியருகே நின்று அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், இவருக்கு ஒரே மகன், அவன் இப்ப கனடாவுல, அவன் பேரு என்று தொடங்கிவிட்டார். சலவை செய்யும் கேத்தூராள் சட்டென்று எழுந்து பாட ஆரம்பித்தாள். அவசரத்தில் அவள் வாயில் வந்தது கிறிஸ்து பிறப்புப் பாட்டு. சபை முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. மூப்பரின் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. உன் அப்பாவின் பெட்டிக்கு முன்னால், உன் பெயர் யார் காதிலும் விழுந்துவிடக்கூடாது என்று நானும் தொண்டை கிழியப் பாடினேன் மகனே.

பிறகு என் சமையலறையில் கேத்தூராள் அவரைப் பிடித்துக்கொண்டாள். காதுதான் போச்சுன்னு நெனச்சேன் மூப்பரே, புத்தியும் கூடவே போயிருச்சா என்றாள். நீ மட்டும் என்னவாம், பொணத்துக்கு முன்னால பொறப்புப் பாட்டு பாடுறவளுக்குப் புத்தியப் பத்திப் பேச்சு என்றார் அவர். வேற எந்தப் பாட்டு உம்ம சத்தத்த அமுக்கும் என்று அவள் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடிப்பதற்குள் மூப்பர் மேசையில் தலை கவிழ்ந்து குழந்தை மாதிரி அழுதார். அந்த இருவரும் இன்னும் துறைமுகத்து விடுதியில்தான் தங்கியிருக்கிறார்கள்.

அப்பாவின் பிரசங்கங்களைப் புத்தகமாகப் போட அச்சுக்கூடத்து நண்பர் வந்தார். நல்ல தாளில் அவர் எழுதியதே இல்லை என்பது உனக்குத் தெரியும். கம்பங்களிலிருந்து கிழித்து வந்த நோட்டீஸ்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவார், நம்ம ஆளுக்கு அவங்க வெல போட்ட தாள்லயே நாம பதில் எழுதிருவோம் என்பார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். கடைசியை மட்டும் என் கையால் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அது உன் நோட்டீஸின் பின்னால் எழுதியது. தொலைந்த மகன் வீடு திரும்பும் கதையைத்தான் எடுத்திருக்கிறார், ஆனால் இந்தத் தேசத்தில் மகன் திரும்பி வரக்கூடாது, தகப்பன்தான் எழுந்து புறப்படவேண்டும் என்று எழுதி, அதற்குமேல் எழுதவில்லை. மறுபக்கத்தில் இடது புருவத்துக்கு மேல் தழும்பு, பேசும்போது தலையைச் சாய்ப்பான் என்று இருக்கிறது. உன் முகத்துக்கு என்னிடம் வேறு படம் இல்லை, அதனால்தான் தாளை வைத்துக்கொண்டேன்.

அவர் புறப்படவேண்டிய வழியில், கல்லறைக்குக் கல் நாட்டியபின், நான் புறப்படுவேன். அதுவரை கம்பளியை இப்போதே கழற்றிவிடாதே, அந்தக் குளிரை நம்பமுடியாது. மருமகளைப் பாரம் தூக்க விடாதே. பிறப்பது ஆணானால் அப்பாவின் பெயரை வை. வீட்டுக்கு வெளியே நின்று, தெருவெல்லாம் கேட்க, உரக்கக் கூப்பிடு. அங்கே கூப்பிடலாம்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் பெயரை எழுதாமலே முடிக்கும்,
அம்மா