கியூபா போஸ்டரும் அண்ணன் அடித்த போர்டும்

ஜனவரி 16, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்கிறவர்களுக்கு ஏதாவது நடந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எம்.ஏ. முடித்து வீட்டில் இருந்தவளுக்குத் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான். யாரிடமாவது சொல்லலாம். சொன்னால் குரல் நடுங்குகிறது. எழுதும்போது நடுங்கவில்லை.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை வாசகசாலையில் கியூபா நாட்டு போஸ்டர்களின் கண்காட்சி நடக்கப் போகிறது. படங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். செயலாளர் ஷாஜி அண்ணன் தம் டயர் கடையிலிருந்தே போன் செய்தார். வரலாறு படித்த பிள்ளைதானே, கொஞ்சம் பேசவும் படித்துக்கொள் என்றார்.

அப்பா கேட்டுவிட்டுப் பால் எடுக்கப் போய்விட்டார். செய்திக்காக ரப்பர் மரம் காத்திருக்காது. அம்மா, "கியூபாவுல சபை உண்டுமா மக்கா?" என்றாள். உண்டு, அங்கேயும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அவளுக்கு அது போதும்.

அகில் அண்ணன்தான் சந்தோஷப்பட்டான். அவன் வேலை பார்க்கும் பிளக்ஸ் கடையும் பாறசாலையில்தான். "இனி ரெண்டு பேரும் ஒரே பைக்கில போவலாம்" என்றான். பிளஸ் டூவோடு அவன் படிப்பை நிறுத்தினான். இரண்டு பேரைப் படிக்க வைக்க வீட்டால் முடியாது என்று யாரும் சொல்லவில்லை. அவனே கடையில் போய்ச் சேர்ந்துவிட்டான். இதை நான் ஒருமுறையும் அவனிடம் பேசியதில்லை.

ஜனவரி 22, திங்கள்

போஸ்டர்கள் வந்தன. நீளக் குழல்களில் சுருட்டி வைத்திருந்தார்கள். கூட வந்தவர் ஷியாமளா சேச்சி. திருவனந்தபுரத்தில் ஓவியம் கற்பிக்கிறவர், முப்பத்தைந்து இருக்கும். ஒரு சேகரிப்பாளரிடம் இரவல் வாங்கி ஊர் ஊராகக் கொண்டு போகிறார்.

விரித்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாதிக்கு மேல் சினிமா போஸ்டர்கள். ஒன்றில்கூட நடிகர் இல்லை. ஒரு தாள் முழுக்க மஞ்சள், கீழே கவிழ்ந்த ஒரு செருப்பு. இன்னொன்று நீலம், ஓரத்தில் சிவப்பாக ஒரு பறவை, மற்ற இடமெல்லாம் வெறும் நீலம்.

சேச்சி விளக்கினார். புரட்சிக்குப் பிறகு அங்கே சினிமாவை அரசு நிறுவனம் எடுத்தது. நட்சத்திரத்தின் முகத்தைக் காட்டி டிக்கெட் விற்க வேண்டிய கட்டாயம் வரைகிறவர்களுக்கு இல்லை. அதனால் படத்தின் மனசை வரைந்தார்கள். கல்யாணக் கவரில் பெயர் அடிக்கிறோமே, அதே ஸ்கிரீன் பிரிண்டிங். ஒவ்வொரு நிறத்தையும் திரைத்துணியின் மேல் கையால் இழுத்திருக்கிறார்கள். மையும் தாளும் கிடைக்காத காலத்திலும் நிறுத்தவில்லை. தெருவில் குடை மாதிரி ஒரு கூரை வைத்து அதன் கீழே இவற்றை மாட்டினார்களாம். பேருந்துக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். "நாங்கள் இன்னார் என்று அவர்கள் முதலில் சொல்லிக்கொண்டது இந்தத் தாள்களில்தான்" என்றார்.

அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டேன். உள்ளே கேள்வி நிறைய இருந்தது.

ஜனவரி 24, புதன்

வாசலில் கட்ட ஒரு பிளக்ஸ் போர்டு வேண்டும். அண்ணன் கடையில் அடிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். எப்படித் தைரியம் வந்ததோ. சேச்சி நீலத் தாளில் சிவப்புப் பறவை இருந்த போஸ்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தேதியும் இடமும் மட்டும் சேர்த்தால் போதும் என்றார். ஷாஜி அண்ணன் கமிட்டிக்காரர்களின் போட்டோக்களைத் தனியே அனுப்பினார். அதைச் சேச்சியிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அது சொல்லவேண்டிய விஷயமே இல்லை.

ஜனவரி 27, சனி

எப்படி எழுதுவது.

போர்டு வந்தது. ஷாஜி அண்ணனும் ஒரு பையனும் வாசலில் பிரித்தார்கள். மேல்பாதி பிரிந்ததும் சேச்சி சிரித்துவிட்டார். பறவை ஒரு மூலைக்குப் போயிருந்தது. நீலத்தின் மேல் சூரியக் கதிர், அதன் மேல் வரிசையாக முட்டை வடிவத்தில் முகங்கள் — வார்டு மெம்பர், தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், எல்லாரும் வெள்ளைச் சட்டையில். கீழே பிரிப்பதற்குள் சேச்சி போதும் என்றார். இதைக் கட்ட முடியாது, வேறொருவர் வரைந்த படம் இது, இதன் வெற்று இடம்தான் படமே என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் சிரித்திருந்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

ஷாஜி அண்ணனுக்கு அந்தப் போர்டு பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். தன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் சுருட்டினார்.

அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டு ரோட்டின் அந்தப் பக்கத்தில் நின்றிருந்தான். போர்டு கட்டுவதைப் பார்க்க வந்திருக்கிறான். சிரிப்பு அங்கே கேட்டிருக்கும். நான் திரும்பிப் பார்த்ததும் அவன் கிளம்பிவிட்டான்.

பிப்ரவரி 2, வெள்ளி

திறப்பு விழா. வாசலில் வெள்ளைத் தாளில் அச்சடித்த ஒரு அறிவிப்பு மட்டும்.

முதல் நாளே ஆள் வந்தது. எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, நடிகர் யார்? நான் கல்லூரி மலையாளத்தில் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். நெய்யாற்றின்கரைக் கல்லூரியில் படித்தபோது ஒருத்தி என் பேச்சைக் கேட்டு, தமிழர்களைக் கேலி செய்யும் சொல்லால், "பாண்டி" என்றாள். அன்றிலிருந்து வெளியே பேச எனக்கு ஒரு மலையாளம் உண்டு, இஸ்திரி போட்ட மலையாளம். செங்கல் என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா பாதியில் நிறுத்தி, "பிள்ளே, நீ நம்ம பேச்சில சொல்லு, எனக்கு மனசிலாவல்ல" என்றார். வேறு வழியில்லாமல் வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னேன். தமிழும் மலையாளமும் கலந்து வந்தது. அந்த அம்மா செருப்புப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "ஓடிப் போனவளுக்க செருப்பாக்கும்" என்றார். எனக்கு இது அதுவரை தோன்றவே இல்லை.

பின்னால் சேச்சி நின்றிருந்தார். இனி இப்படியே பேசு என்றார். இந்த வார்த்தைக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 5, திங்கள்

அண்ணன் பேசுவதில்லை. காலையில் பைக்கை எடுக்கிறான், ஹெல்மெட்டை நீட்டுகிறான், வாசகசாலை முன்னால் இறக்கிவிடுகிறான். ஒரு நாளும் தாமதமில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைக் கூட்டிக்கொண்டு அம்மா எங்கள் வீடு இருக்கும் வெள்ளறடையிலிருந்து பஸ்ஸில் வந்தாள். எல்லாருக்கும் நல்ல சேலை. ஒரு படத்தில் பெண்ணின் கூந்தல் முழுக்க இலைகள். அம்மா, "இது மரச்சீனி எலை போல இருக்கு" என்றாள். ஆமாம் என்றேன். அங்கேயும் மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. மரச்சீனி, சேம்பு, வாழைக்காய், சோளம், இறைச்சி எல்லாம் ஒரே பானையில் போட்டு வேகவைப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தவர்கள், ஸ்பெயின்காரர்கள், சீனாவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த நாட்டில் உண்டு. எங்கள் நாடே அந்தப் பானைதான் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள் என்றேன்.

"அப்போ நம்மளும் அதுதானே" என்றாள் ஒருத்தி. "தமிழனுக்கு நம்ம மலையாளி, மலையாளிக்கு நம்ம பாண்டி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். அந்த வார்த்தை இன்று வலிக்கவில்லை.

போகும்போது அம்மா என்னிடம் தனியாக, அகிலைக் கூப்பிட்டேன், வரமாட்டேங்கான் என்றாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்று கேட்டேவிட்டேன். சாயங்காலம் வரும் வழியில் அண்ணன் சாயாக்கடையில் நிறுத்தினான். ஏன் கண்காட்சியை வந்து பார்க்கமாட்டேன் என்கிறாய் என்றேன்.

அவன் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தான். "நீல நெறத்த மட்டும் வச்சு போர்டு கெட்டினா மெஷின் கேடாச்சுண்ணு ஆளு சொல்லும். நம்ம ஊரில ஒரு போர்டில எடம் ஒழிஞ்சு கெடக்குதுண்ணா யாரையோ விட்டுட்டோம்ணாக்கும் அர்த்தம். நான் யாரையும் விடல்ல."

பிறகு கேட்டான். "அண்ணைக்கு நீயும் சிரிச்சியா பிள்ளே?"

இல்லை என்றேன். நிஜம்தான். ஆனால் ஒரு வார்த்தை பேசவும் இல்லையே. அவன் அதைச் சொல்லவில்லை, காசு கொடுத்துவிட்டு எழுந்தான்.

எனக்கு என்ன பயம் என்றால் இதுதான். அவன் படிப்பை விட்டு நின்று என்னை ஏற்றிவிட்டான். ஏறினவள் இப்போ மேல நிண்ணு அவனைப் பாத்து சிரிக்கிற கூட்டத்தில இருக்காள்னு அவன் நினைச்சுட்டா? நினைச்சிட்டான். அந்த நினைப்போடு அவன் இனிமேல் ஹெல்மெட்டை நீட்டுவான், சாயா வாங்கித் தருவான், எல்லாம் செய்வான், பேசமட்டும் மாட்டான். நான் இதை எப்படிச் சரிசெய்வேன்?

பிப்ரவரி 19, திங்கள்

விடுமுறை நாள், ஆனாலும் போனேன். வாசகசாலை பெருக்கும் நேசமணி மாமி மட்டும் இருந்தார். சாமான் அறையிலிருந்து போர்டை எடுத்து ஹால் தரையில் முழுவதும் விரித்தோம். கீழ்ப்பாதியை அன்று யாரும் பார்க்கவில்லை, நானும்தான்.

மாமி குனிந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கீழ் வரிசையில் அவர் இருந்தார். எங்கேயோ குடும்பப் படத்திலிருந்து வெட்டி எடுத்து, முகத்தில் விழுந்திருந்த நிழலைப் போக்கி, மெம்பருக்கு வைத்த அதே அளவில் அண்ணன் வைத்திருக்கிறான். யாரும் அனுப்பச் சொல்லாத போட்டோ.

அவருக்குப் பக்கத்தில் நான். "ஜிஜா ராஜையா, எம்.ஏ." 'எம்.ஏ.' கொஞ்சம் பெரிய எழுத்தில்.

தரையில் உட்கார்ந்து அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மாமி தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சேச்சியிடம் சொன்னேன். கூட்டத்துக்குச் சொல்வதைவிட அது கஷ்டமாக இருந்தது. போர்டை விரித்தேன். உங்கள் போஸ்டரில் வெற்று இடம் மூச்சு மாதிரி. எங்கள் போர்டில் வெற்று இடம் ஒருவரை அழைக்காமல் விட்டது மாதிரி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பரீட்சையில் ஜெயித்ததற்கும் போர்டு வைக்கும் ஊர் இது. நாங்கள் இன்னார் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது இப்படித்தான். என் அண்ணனுக்கு வரையத் தெரியாது என்று நினைக்காதீர்கள். — இவ்வளவும் வீட்டுப் பேச்சில்தான் வந்தது.

சேச்சி முழங்காலிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நேசமணி மாமியின் முகத்தில் நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. "சிரிச்சதுக்கு மாப்பு சொல்லிச்சு அந்த டீச்சர்" என்று மட்டும் அண்ணன் அம்மாவிடம் சொன்னான். அந்தப் படத்தில் கைவைத்தது தன் தப்புதான் என்று அவனும் சொன்னானாம்.

பிப்ரவரி 22, வியாழன்

கடை அடைத்துவிட்டு அண்ணன் கண்காட்சிக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான், கழற்ற வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நான் பின்னாலேயே போனேன், எதையும் விளக்கவில்லை. மஞ்சள் படத்தின் முன்னால் நின்று, "மொகம் இல்லாம இவிய எப்பிடி ஆளைக் கூட்டினாவ?" என்றான். எனக்கும் தெரியாது என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எத்தனை நாளைக்குப் பிறகு.

ஆண்டவரே, நன்றி.

பிப்ரவரி 26, திங்கள்

ஒவ்வொரு ஊரிலும் கடைசி நாளுக்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் ஒரு போஸ்டர் செய்வது வழக்கமாம். சேச்சி அண்ணனிடம் கேட்டிருக்கிறார். ஸ்கிரீன் பிரிண்டில், கையால் இழுத்து. எலெக்ஷன் வேலை கடையில் குவிந்து கிடக்கிறது. ஆனாலும் சரி என்றிருக்கிறான். கல்யாணக் கவர் அடிக்கும் பொன்னப்பன் அண்ணன் மேசையைத் தருகிறாராம்.

மார்ச் 1, வெள்ளி

அண்ணன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான்.

தாள் முழுக்க மஞ்சள். நம் ஊர் வெயில் மஞ்சள். கீழே விளிம்பில் மட்டும் கறுப்பாக ஒரு வரிசை தலைகள், எல்லாம் பின்பக்கம். முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் மேலே இருக்கும் வெற்று மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் எல்லாரையும் தெரிகிறது. மெம்பரின் பொருந்தாத தொப்பி. நேசமணி மாமியின் கொண்டை. அம்மாவின் தலைமுண்டு. என் பின்னல், வழக்கம்போல ஒருபக்கம் சாய்ந்து. ஷாஜி அண்ணனுக்கு போனில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்: "பிள்ளே, அந்த மூணாவது வழுக்கை என் தலையாக்கும். முடி கொஞ்சம் வச்சுத் தரச் சொல்லு."

அண்ணன் வைக்கவில்லை.

சேச்சிக்கும் அனுப்பினேன். அவர் போன் செய்து, அடுத்து கண்காட்சி நடக்கும் கொல்லத்துக்கும் இது போகும், இரவல் படங்களோடு சேர்த்து மாட்டுவேன் என்றார். விளக்கிச் சொல்ல என்னையும் வரச் சொன்னார். அப்பா, போயிட்டு வா என்றார். இத்தனை நல்லதை ஒரே நாளில் வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 2, சனி

நாளை காலை பொன்னப்பன் அண்ணன் மேசையில் அச்சடிக்கிறார்கள். அண்ணன் கடைசியாக ஒருதரம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, வாசகசாலையின் பெயர் இருக்கிறது.

கியூபா போஸ்டர்களின் ஓரத்தில் வரைந்தவரின் பெயர் சின்னதாக இருக்கும். வருகிற எல்லோருக்கும் குனிந்து காட்டுவேன். அண்ணன் வந்த அன்று மட்டும் காட்டவில்லை. காட்டினால், உன் போர்டில் உன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டுவிடுவேன், கேட்டால் அவன், போ பிள்ளே, நம்மளெல்லாம் பேரு வைக்கிற அளவுக்கு ஆளா என்று சிரித்துவிடுவான் என்று பயம். இத்தனை வருடமாக ஊரில் எத்தனை பேரின் முகத்தை அடித்திருக்கிறான். எல்லாவற்றின் மூலையிலும் கடையின் போன் நம்பர் மட்டும்.

அவனிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே தந்துவிடுவான். இதை மட்டும் கேட்க வேண்டும். நடுங்கினாலும் பரவாயில்லை, பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகிறேன்.

அண்ணா, அந்த மூலையில ஒனக்க பேரை எழுது.