அஞ்சு வயசு ஊசி

விருத்தாசலம்
ஜூன் 16

அன்பு மகன் வெற்றிவேலுக்கு அப்பா எழுதுறது. பழமலைநாதர் புண்ணியத்துல நான், தேவி, அமுதவள்ளி மூணு பேரும் சொகமா இருக்கோம், மஸ்கட் வெயில்ல நீ எப்பிடி இருக்கியோன்னுதான் கவலை. போன் இருக்க எதுக்கு கடுதாசின்னு கேப்ப. மாமா, செஞ்ச தப்ப நீங்களே ஒங்க புள்ளைக்கு சொல்லிடுங்க, இல்லன்னா நான் சொல்லுவேன்னு உன் பொண்டாட்டி தேவி கெடு வச்சிருக்குது. போன்ல சொல்ல வாய் வரல. மங்கலம்பேட்டை ஆளு ஒருத்தர் நாளைக்கு பிளேன் ஏறுறாரு, அவருகிட்ட குடுத்து உடுறேன்.

ஏப்ரல்ல நர்ஸ் வளர்மதி சிஸ்டர் வூட்டுக்கு வந்து, பாப்பா அமுதவள்ளிக்கு அஞ்சு வயசு ஆயிடுச்சு, ஸ்கூலு சேக்கறதுக்குள்ள ஊசி போட்டுடணும்னாங்க. ஒன்றரை வயசுல போட்டப்ப காய்ச்சல்ல புள்ளை ரெண்டு நாளு என் தோள்லயே கெடந்தது ஞாபகம் வந்துடுச்சு. கொழந்தை ஸ்ரீமுஷ்ணம் போயிருக்குதுன்னு சொல்லிட்டேன். அந்த நேரம் பாத்து, கதவுக்குப் பின்னால நான் ஒளிச்சு வச்சிருந்த உன் பொண்ணு, தாத்தா ஊசிக்காரங்க போயிட்டாங்களான்னு கத்துது. ஸ்ரீமுஷ்ணத்துல பேசறது இங்க நல்லாவே கேக்குதுங்க ஐயான்னு சிரிச்ச சிஸ்டர், புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் போகல. பீங்கான் கம்பெனியில பொம்மைக்கு வர்ணம் அடிச்சிட்டு வந்த தேவிகிட்ட போட்டாச்சுன்னேன். அதோட உடாம, ஊசியெல்லாம் வேணாம், சிஸ்டருக்கே டிமிக்கி குடுத்துட்டேன்னு டீக்கடையில பெருமை வேற அடிச்சேன்.

ஸ்கூலு சேக்கப் போனா ஹெட்மிஸ்ட்ரஸ் ஊசி அட்டையக் கேட்டாங்க. அஞ்சு வயசு கட்டம் காலி. தேவி திரும்பி என்னப் பாத்துது பாரு, முப்பது வருசமா அதே கம்பெனியில சூளை எரிக்கிறேன், அப்பிடி ஒரு சூட்ட நான் பாத்ததில்ல. அட்மிசன் போட்டுட்டாங்க, ஊசி போட்டு அட்டையக் கொண்டாந்து காட்டச் சொன்னாங்க. அதே வாரம் பின்தெரு பழமலை மவனுக்கு, இந்த ஊசி போட்டிருந்தா தடுத்திருக்கக்கூடிய தொண்டை அடைப்பான் நோவு வந்து, மூச்சு உட முடியாம கடலூரு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. டீக்கடையில என் பேச்சக் கேட்டு ஊசி வேணாம்னு உட்டவன் பழமலை. பத்து நாளு கழிச்சு புள்ளை நல்லபடியா வூடு வந்துட்டான். அந்தப் பத்து நாளும் எனக்கு சோறு எறங்கல வெற்றி.

அவனக் கடலூருக்குக் கொண்டு போன அடுத்த புதன்கிழமையே அமுதவள்ளியத் தூக்கிக்கிட்டு மொத ஆளா போய் நின்னேன். தாத்தா போட்டுக்கிட்டாதான் நானும்னு அடம். சூளையில ஒடஞ்ச பீங்கான் கிழிச்ச என் கால்காயத்தப் பாத்துட்ட சிஸ்டர், ஒங்களுக்கும் செப்டிக் ஊசி போடணும்னு குத்திட்டாங்க. நான் போட்ட கூச்சல்ல வாசல்ல நின்ன ஆட்டோக்காரரு உள்ள ஓடியாந்தாரு. உன் பொண்ணு உழுந்து உழுந்து சிரிச்சுது, சிரிக்கையிலேயே அதுக்கும் போட்டு முடிச்சிட்டாங்க. ராத்திரி லேசா காய்ச்சல், காலையில எழுந்து தோசை கேட்டுது.

நம்ம தெருவுல இன்னும் மூணு புள்ளைங்க பாக்கின்னு சிஸ்டர் சொன்னாங்க. மூணும் என் டீக்கடைப் பேச்சால வந்த வெனைதான். நானும் தேவியும் வூடு வூடா போய் நான் சொன்னது தப்புன்னு சொன்னோம். ரெண்டு வூட்டுல ஒடனே வந்துட்டாங்க. கொளஞ்சியம்மாள் மட்டும் பேரன் நெய்வேலி போயிருக்கான்னுது. நான் நேரா நெல்லு மூட்டைக்குப் பின்னால போய்ப் பாத்தேன், ஒக்காந்திருந்தான். இனிமே எல்லாப் புதன்கிழமையும் கூட வாங்க ஐயா, புள்ளைங்கள ஒளிச்சு வைக்கிற எடம் ஒங்களுக்குத்தான் தெரியுதுன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. மொதலாளிகிட்ட புதன்கிழமை அரை நாளு லீவு கேட்டிருக்கேன்.

வேளைக்கு சாப்புடு, தண்ணி நெறைய குடி. எந்தக் கொறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும். ஒரு விசயம், வீடியோவுல பேசும்போது பாப்பாகிட்ட ஊசி பத்திக் கேக்காத, நான் கத்தினது மாதிரியே கத்திக் காட்டுது, தெருவே கூடிடுது.

உன் அப்பா
தெய்வநாயகம்