பி வட்டம் திரிந்த காலை

இன்று காலை லேபில், மாட்டுப்பால் கிருமியைச் சோதிக்கும் அட்டையில் 'பி' வட்டம் திரிந்துவிட்டது. பார்த்த மாத்திரத்தில் என் கை வயிற்றுக்குப் போயிற்று. உள்ளே இட்லியைத் தவிர ஒன்றுமில்லை. என் மகள் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பாள். இருந்தாலும் கை போகிறது, என்ன செய்ய? பக்கத்து நாற்காலியில் நீ இருந்திருந்தால் "இன்னாடி, மறுபடியுமா?" என்று கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

நூம்பல் மாட்டுக் கொட்டகைக்குப் பால் எடுக்க நாம் போனபோது எனக்கு எட்டாம் மாதம். மூன்று மாடுகளுக்கு மடி கல்லாய் இறுகிக் கிடந்தது. நீ குனிந்து ஒவ்வொரு காம்பையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சலைக் கீழே விட்டு, அடுத்ததைக் குழாயில் பிடித்தாய். கொட்டகைக்காரம்மா என்னிடம் ஒரு டம்ளர் பச்சைப் பாலை நீட்டினார். "புள்ளத்தாச்சி, குட்ச்சிரும்மா, இது நல்ல மாட்டுதுதான்." அவர் மனசு நோகக் கூடாதே என்று குடித்துவிட்டேன். நீ மாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் பார்க்கவில்லை.

பூந்தமல்லியில் நம் லேபில் கிருமியை வளர்த்து அட்டையில் வைத்தோம். வட்டத்துக்கு ஓர் எழுத்து, எழுத்துக்கு ஒரு சொட்டு ஆன்டிசீரம், கிருமியைக் காட்டிக்கொடுக்கும் மருந்து. எந்த வட்டம் திரிகிறதோ அதுதான் கிருமியின் வகை. பி என்றால் கறப்பவர் கைவழியே மடிக்கு மடி தாவும். மந்தை முழுவதையும் பார்த்தாக வேண்டும். அட்டையை ஆட்டும்போது நீ எப்போதும் மூச்சை அடக்கிக்கொள்வாய். மாட்டுக்குப் போய் இவ்வளவு பயமா என்று உன்னை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அன்று பி வட்டம் கெட்ட பால் போலத் திரிந்தது.

"நல்லவேளை, ஒரு டம்ளரோட நிறுத்திக்கிட்டேன்" என்றேன், விளையாட்டாகத்தான்.

உன் முகம் செத்துப்போயிற்று. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாய். "எனுக்கு மொத புள்ள ஒண்ணு பொறந்துச்சுடி. ரெண்டு நாளு நல்லாத்தான் இருந்துச்சு. அப்பால மூச்சு வாங்குச்சு. மூணாம் நாளு இல்ல. ரிப்போர்ட்டுல இதே எழுத்துதான்."

அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக அதே எழுத்தை எதிர்பார்த்து நீ அட்டை ஆட்டியிருக்கிறாய், பாவி! பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்குத் தெரியவே இல்லை.

"மாட்டுக்கு வர்றது வேற, நமக்கு வர்றது வேறன்னுதானே படிச்சோம்?" என்று கேட்டேன்.

"முக்காவாசி வேறதான். ஆனா மாடா மனுசியான்னு அட்ட கேக்காது. நீ பாலு குட்ச்சியோ இல்லியோ, போய்ப் பாத்துரு. உள்ளயே கெடக்கும், ஒண்ணும் காட்டாது."

டாக்டரம்மா எல்லாருக்கும் இதைப் பார்ப்பதில்லை என்றார். நான் பயந்திருப்பதைப் பார்த்து சாம்பிள் எடுத்தார். பி என்றே வந்தது. நூம்பல் பாலில் வந்ததா, எனக்குள் முன்பே குடியிருந்ததா, அந்த எழுத்து சொல்லாது. "வலி எடுத்ததும் வந்துடுங்க. பிறக்கும்போதுதான் குழந்தைக்குத் தொத்தும், அதுக்குள்ள மருந்து ஏறிடணும். அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானாம்! வயிற்றில் சின்ன இழுப்பு வந்தாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஒரு மத்தியானம் வலி எடுத்தது. வீட்டுக்காரர் சிறுசேரி ஆபீசில். நீ திருவேற்காட்டில் என் வீட்டுக்கு ஓடிவந்து என்னை ஆட்டோவில் ஏற்றினாய். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் பூந்தமல்லி ரோடு அசையவே இல்லை. நீ பாதி உடம்பை வெளியே நீட்டி, "அண்ணாத்தே, உள்ள புள்ளத்தாச்சி கீறா, வயி வுடு!" என்று கத்தினாய். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாய். "முக்காதடி, தாயே, மருந்து ஏறட்டும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

மருந்து ஏறிய பிறகுதான் மகள் பிறந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. தினமும் சாயங்காலம் வருவாய், குனிந்து அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாய், போய்விடுவாய். தூக்கச் சொன்னால், "ஒரு வாரம் போவட்டும்" என்பாய்.

ஒரு வாரம் போயிற்று. "குடுடி" என்று நீயே கேட்டாய். கையில் வாங்கியதும் வீடே அதிரும்படி அழுதாய். என் அம்மா பதறிப்போய், "பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு என்ன அழுகை? அடியே, வாங்கு அவகிட்டேருந்து!" என்று என்னை அதட்டினாள். நான் வாங்கவில்லை. உன் பிள்ளைக்கு நீ அன்றைக்குத்தான் அழுகிறாய் என்று எனக்குத் தெரிந்தது.

நூம்பல் மாடுகளெல்லாம் ஊசி போட்டுத் தேறிவிட்டன. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன நீதான் திரும்பவில்லை. இன்றைய பால் ஆவடிப் பக்கத்து மந்தையிலிருந்து வந்தது. மந்தையின் எல்லா மாட்டுப் பாலையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அட்டையை ஆட்டும்போது இப்போது நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

மகள் தூங்கியதும் அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நேற்று கண்ணைத் திறந்துவிட்டாள். "ஏம்மா தினமும் இப்படிப் பண்ற?"

"பெரியம்மா பாக்கச் சொல்லியிருக்காங்க" என்று பழியை உன்மேல் போட்டேன்.

அவள் புரண்டு படுத்துக்கொண்டே, "மூச்சு வருதுன்னு அவங்ககிட்ட சொல்லிடும்மா" என்றாள்.

வருகிறதடி. நன்றாக வருகிறது.