சுவரோரம் போட்ட நாற்காலிகள்

அக்கா,

மழை கொஞ்சம் விட்டதே என்று இன்று காலை பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கழுவ எடுத்தேன். எல்லாவற்றின் முதுகிலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. தண்ணீர் பட்டதும் எழுந்தது பாருங்கள் அந்த வாசம், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் பின்சுவர் வாசம், எனக்குக் கை ஓடவில்லை. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு நின்றேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

அந்த வாசத்தை முதலில் பிடித்ததே நீங்கள்தான். பிள்ளைகளை நிறுக்கத் தராசைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தீர்கள். "என்னடி, சுவரு வேர்க்குது?" என்றீர்கள். நானும் லெச்சுமி ஆயாம்மாவும் சிரித்தோம். மேலே ரப்பர் மலை, அதைக் குடைந்து எடுத்த சமனில் இந்தக் கட்டடம், மழை நாளில் சுவர் வேர்க்காமல் என்ன செய்யும் என்று நான் கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் வைப்பதுபோல உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நீங்கள் மருத்துவமாது, எதைத் தொட்டாலும் அப்படித்தான் தொடுவீர்கள் என்று அன்றைக்கும் கேலி செய்தேன்.

தோட்டத்து ஆபீசில் கூட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். தொரை உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் பெரிய கிளாக்கர் ஐயா உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் எல்லோரும் நிற்போம். தொரை ஒன்று சொல்வார். "சரிங்க தொரை" என்று முத்தையா கங்காணி சொல்வார், கட்டட வேலை பார்க்கும் பியதாச பாஸ் சொல்வார், பிள்ளைகளைப் பார்க்கும் லெச்சுமி சொல்வாள், நானும் சொல்வேன். படியிறங்கும்போதே "இதெல்லாம் நடக்கிற காரியமா" என்று பேச்சு தொடங்கிவிடும். உண்மையான கூட்டம் அந்தப் படியில்தான் நடக்கும்.

மாதாந்த நலன்புரிக் கூட்டத்தை நடத்தும் வேலை உங்கள் தலையில் விழுந்ததும் நீங்கள் செய்த முதல் காரியம், கூட்டத்தை ஆபீசிலிருந்து வெளியே இழுத்து வந்தது. தாய்மார் கிளினிக்குக்கு வருவதில்லை என்று பேச வேண்டியிருந்தால், ரப்பர் பால் நிறுக்கும் கொட்டிலில் கூட்டம். வாளியோடு வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி, "பத்து மணிக்கு கிளினிக் வச்சா நாங்க பால எங்க கொட்டுறது மிஸ்ஸி?" என்று பட்டென்று கேட்டாள். ஆபீசில் மாதக்கணக்காக வராத பதில் அது. அடுத்த கிளினிக்கைப் பால் நிறுத்து முடிந்த பிறகு அங்கேயே வைத்தீர்கள், கொட்டிலே நிறைந்தது.

தொரையிடம் அரைகுறைச் சிங்களத்தில் என்ன சொன்னீர்களோ, அதற்குப் பிறகு அவர் கடைசியாகத்தான் வாய் திறந்தார். பிளேன்டீயும் கடைசியில்தான். யாராவது "சரிங்க" என்றால் விடமாட்டீர்கள். "சரிங்கன்னா? யாரு செய்றது? எப்ப?" இதற்குப் பதில் வராமல் டீ வராது. ஒருமுறை தொரையே "ஹரி, பலமு" என்று எழுந்தார். சரி, பார்ப்போம் என்றால் அவர் அகராதியில் கதை முடிந்தது என்று அர்த்தம். "பாக்குறது யாரு தொரை? எப்ப?" என்றீர்கள். அவர் உங்களை ஒரு நிமிடம் பார்த்தார், சிரித்தார், மறுபடி உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், துரத்துவதற்கு ஆள் வேண்டும்.

ஆனால் அக்கா, உங்கள்மேல் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. கூட்டத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவீர்கள். "கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டுங்க மிஸ்ஸி" என்று லெச்சுமி கெஞ்சுவாள். "சரி, அடுத்த வாரம் போறேன்" என்பீர்கள். போகமாட்டீர்கள். வழியில் செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையோடு நடக்கவிட்டு, மறுபடி ஏற்றுவார்கள். "எறங்கி ஏற முடியலடி, கொஞ்சம் வலி கொறையட்டும்" என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். தோட்டத்தையே 'யாரு, எப்ப' என்று மடக்கிய வாய், தன் விஷயத்தில் மட்டும் வெறும் 'சரி'யோடு தப்பித்துக்கொண்டது. கடைசியில் தோட்டத்து லொறியில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். டாக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள். இரண்டு வயது மூத்தவர் என்ற ஒரே காரணத்தால் எனக்கு எல்லாவற்றிலும் முந்தினீர்கள், இதிலும் முந்த வேண்டுமா?

உங்கள் கூட்டம் என்னிடம் வந்தது. பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பானவள் நான்தானே, என்னையே நடத்தச் சொன்னார்கள். ஆபீசிலேயே நடத்தினேன். அங்கேதான் தொரைக்கு வசதி என்றார்கள், மறுத்துப் பேச எனக்கு நெஞ்சில் பலம் இல்லை. இந்த வருட மழை தொடங்கியபோது பின்சுவரில் வெடிப்பு விட்டது. தரையிலிருந்து ஜன்னல்வரை ஓடியது, முதலில் சுண்டுவிரல் நுழைந்தது. பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றேன். தோட்டத்தில் அந்த அளவுக்கு இருக்கும் ஒரே இடம் உத்தியோகத்தர் கிளப். ஒரு கேரம்போர்டும் தூசியும் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. சாவி பெரிய கிளாக்கர் ஐயாவிடம். "சரி, செஞ்சிடலாம்" என்றார் அவர். "ஹரி, பலமு" என்றார் தொரை. கொம்பனியிலிருந்து இஞ்சினியர் வந்து பார்க்கட்டும் என்றார்கள். மறுபடி கூட்டம் வைத்தேன். மறுபடியும் சரி. அதற்குள் வெடிப்பில் என் கையே நுழைந்தது.

பெரிய கிளாக்கர் வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். அவர் மனைவி டீ தந்தார். கிளாக்கர் ஐயா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "லயத்துப் பிள்ளைங்க வந்து போனா அந்த எடம் என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாதா மிஸ்?" என்றார். எத்தனை கூட்டம் போட்டும் வெளியே வராத வார்த்தை அதுதான்: தொழிலாளர் பிள்ளைகள் உத்தியோகத்தர் இடத்தில் கால் வைக்கக் கூடாது. திரும்பி வரும் வழியில் ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்று வாய்விட்டு அழுதேன்.

பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிடலாம் என்றால் தாய்மார் பால் வெட்டப் போக முடியாது. போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. பிள்ளைகளின் பாய்களை எல்லாம் வாசற்பக்கம் இழுத்துப் போட்டோம். மழை தகரத்தில் விழத் தொடங்கினால் வெடிப்பைப் பார்த்தபடியே நிற்பேன். லெச்சுமி சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். எழும்பி வா என்று கத்தினேன். "விழுந்தா மொதல்ல என் முதுகுல விழட்டும் மிஸ். நான் கத்துனா நீங்க புள்ளைகள இழுத்துருவீங்கதானே" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று நான் சோற்றில் கை வைக்கவில்லை.

மூன்றாவது கூட்டம் பிள்ளைக்காம்பராவில் என்று எல்லோருக்கும் ஆள் அனுப்பினேன். தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போன பிறகு நாற்காலிகளைப் பின்சுவரோடு ஒட்டி வரிசையாகப் போட்டேன். நடுவில் தொரைக்கு, அவருக்குப் பக்கத்தில் பெரிய கிளாக்கருக்கு, ஓரத்தில் எனக்கு. யாரும் நிற்கத் தேவையில்லை என்றேன். டீ ஊற்ற வேண்டாம் என்று லெச்சுமிக்குக் கண்ணைக் காட்டினேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் பேசத் தொடங்கவில்லை. மழைக்காகக் காத்திருந்தேன்.

மழை பிடித்தது. பெரிய கிளாக்கர் ஐயாவின் தோளில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. தட்டிவிட்டார். மறுபடி உதிர்ந்தது, கூடவே ஒரு சின்னக் கல். அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். அவரைப் பார்த்துத் தொரையும் இழுத்தார்.

"ஏன் ஐயா நாற்காலிய இழுக்கிறீங்க?"

"தூசி விழுது மிஸ்."

"பிள்ளைங்க மேலயும் அதே தூசிதாங்க விழுது."

தொரை எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பினார். அவர் வெடிப்புக்குள் கையை விட்டதை நான் பார்த்தேன். மணிக்கட்டு வரை போனது. வெளியே எடுத்தபோது கை முழுக்கச் சேறு. "கிளப் சாவி எங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

"சரிங்க தொரை, நாளைக்கு குடுத்துர்றேன்" என்றார் பெரிய கிளாக்கர்.

அக்கா, அந்த 'நாளைக்கு' என் காதில் உங்கள் 'அடுத்த வாரம்' போலத்தான் கேட்டது. எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. என் நாற்காலியை இன்னும் பின்னால் தள்ளிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். "அப்ப நாளைக்கு வரைக்கும் நான் இங்கயே இருக்கேங்க ஐயா" என்றேன். வீரம் எல்லாம் இல்லை, கண்ணீர் மூக்கில் வழிந்தது. லெச்சுமி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பியதாச பாஸ் தன் நாற்காலியைச் சுவரோடு சேர்த்தார். முத்தையா கங்காணியும் சேர்த்தார். தொரை சேற்றுக் கையைப் பெரிய கிளாக்கரின் முன்னால் நீட்டியபடி நின்றார்.

பெரிய கிளாக்கர் காற்சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். நான் கெஞ்சிய நாளெல்லாம் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

யாரு, எப்ப என்று அப்புறம்தான் கேட்டேன். கங்காணி பாய்களைத் தூக்குவதாகச் சொன்னார், பாஸ் விடியும் முன் கிளப் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதாகச் சொன்னார். லெச்சுமி டீ கொண்டுவந்தாள். வெளியே வாசலில் நின்று நனைந்துகொண்டே குடித்தோம்.

பிள்ளைகள் இப்போது கிளப்பில் தூங்குகிறார்கள். ஆனால் சுவர் இன்னும் விழவில்லை, அக்கா. அதுதான் எனக்குப் பெரிய பயம். இஞ்சினியர் வரவில்லை, தொரைக்கு மாற்றம் வந்துவிட்டது என்கிறார்கள், புதுத் தொரை எப்படிப்பட்டவரோ. மழை பெய்யும்போதெல்லாம் அந்தச் சுவர் விழுந்து தொலையட்டும் என்று சாமியைக் கும்பிடுகிறேன். ஒரு கட்டடம் இடிய வேண்டுமென்று வேண்டும் நிலைக்கு வந்துவிட்டேன். நீங்கள் இருந்தால் இதற்கும் ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பீர்கள்.

தினமும் காலையில் பெரிய கிளாக்கர் ஐயா ஆபீஸ் ஜன்னலருகே நிற்கிறார். "சுவரு அப்படியேதானே இருக்கு மிஸ். சாவியத் திருப்பித் தந்துருங்க" என்கிறார்.

"சரிங்க ஐயா" என்கிறேன்.

நீங்கள் எங்களை ஏமாற்றினீர்களே, அதே 'சரி'. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போகிறார். யாரு, எப்ப என்று கேட்க அவருக்குத் தெரியாது, அக்கா. சாவி என் இடுப்பில் இருக்கிறது.