அறுபதாயிரத்துக்குள் ஒரு மலை

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் மூடுபனி. ஸ்டேஷன் பக்கம் ரயிலின் சத்தம் மட்டும், ரயிலைக் காணோம். ஜெனரல் ஷிப்ட். டிபன் பாக்ஸில் லெமன் சாதம்.

கம்ப்யூட்டர் பட்டியல், மூன்றாம் முறை:

ப்ராசஸர் – ஆறு கோர். இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.
போர்டு – சின்னது போதும்.
மெமரி – 16 ஜிபி. விலை ஏறிக்கொண்டே போகிறது, காத்திருந்து பயனில்லை.
எஸ்எஸ்டி – 500 ஜிபி.
கிராபிக்ஸ் கார்டு – படத்தை உறையாமல் ஓட்டுவது இதுதான். கிட்டத்தட்டப் பாதிப் பணம் இதற்கே. இதில் கை வைக்கக் கூடாது.
பவர் சப்ளை – ?
கேபினெட் – எல்லாம் உட்காரும் பெட்டி. இருப்பதில் மலிவு. முன்பக்கம் வலை, மூன்று ஃபேன்.
திரை – ஹாலில் உள்ள டிவி. அம்மா சீரியல் பார்க்காத நேரத்தில்.

மொத்தம் அறுபதாயிரம். இரண்டு வருட போனஸ், ஓவர்டைம். இது போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது. அதனால் ஒரு பாகம்கூடத் தப்பாக வரக்கூடாது.

எதற்கு என்பதையும் எழுதிவைக்கிறேன். கல்லூரிக் கால லேப்டாப்பில் அந்த விளையாட்டைத் திறந்தால் தூரத்தில் ஒரு மலை தெரியும். ஓர் அடி எடுத்து வைத்தால் படம் உறைந்துவிடும். அந்த உலகத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் நடந்து போகக்கூடிய இடம். எங்கள் மாடியிலிருந்து தெரிவது நாலு புகைக்கூண்டு, மூன்று காம்பவுண்டு சுவர், ‘அனுமதி இல்லை’ பலகைகள். நாவல்களிலும் எனக்கு நடக்கிறவர்களைத்தான் பிடிக்கும்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. போன மாதம் “அவ்ளோ டப்பு போட்டு இன்னாத்துக்குடி கம்ப்யூட்டரு?” என்று கேட்டாள். குரூப் 2 பரீட்சைக்கு, ஆன்லைன் வகுப்பு என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று இருபத்தெட்டு சாம்பிள். காலிப்பர் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலில் கோடு விழுந்துவிட்டது. கம்பி ஆலையில் தரச் சோதனை என்றால் வெளியில் பெரிதாகத் தெரியும். நாள் முழுக்க அளப்பதுதான் வேலை.

மதியம் கேன்டீனில் பிரபு அண்ணனிடம் பட்டியலைக் காட்டினேன். எங்கள் ஆலையின் எலக்ட்ரீஷியன். சாப்பாட்டை முடித்துத் தட்டிலேயே கை கழுவிக்கொண்டிருந்தார்.

“பவர் சப்ளைக்குக் கேள்விக்குறி போட்டிருக்க?”

“மிச்சம் இருக்கற காசுல வாங்கிக்கலாம்னு, அண்ணா.”

“சரியாப் போச்சி. ஆலையில ஃபர்னஸ் போட்டா உங்க தெருவுல லைட்டு மங்குதா இல்லியா?”

“மங்கும்.”

“அப்புறம்? ஊர்ல எவனோ ஏசி ரூமுல குந்திக்கினு வீடியோ போடுறான், அத்தப் பாத்து நீ லிஸ்ட் எழுதுற. பொட்டி மேல 100லேந்து 240 வோல்ட்டுன்னு போட்டிருக்கணும். 200லேந்துன்னு இருந்தா வெச்சிட்டு வந்துரு. எங்கூட்டு டிவி செத்தது அப்டித்தான்.”

குறித்துக்கொண்டேன். எழுந்து போனவர் திரும்பி வந்தார்.

“கரண்ட்டவுட தூசிய பாரு. நம்மூரு தூசி வெறும் தூசி இல்ல. பாதி கம்பி.”

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் விளிம்பில் இருந்த தூசியைப் பேப்பரில் வழித்தேன். லேபிலிருந்து கேட்டு வாங்கிவந்த காந்தத்தைப் பேப்பருக்கு அடியில் வைத்தேன். தூசி எழுந்து நின்றது. பூனை முதுகு மயிர் போல. காந்தத்தை நகர்த்தினால் கூடவே நகர்கிறது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது.

பிறகுதான் கணக்கு புரிந்தது. வலை வைத்த மலிவு கேபினெட், மூன்று ஃபேன், இந்தத் தூசியை நாளெல்லாம் உறிஞ்சிப் போர்டின் மேல் கொட்டும். இரும்புத் தூசி மின்சாரம் கடத்தும். ஆறு மாதம் தாங்கினால் அதிகம். வடிகட்டி வைத்த கேபினெட் இருக்கிறது, விலை இரண்டு மடங்கு. அதை வாங்கினால் கார்டில் ஒரு படி இறங்க வேண்டும். இறங்கினால் மலை மறுபடியும் உறையும்.

பிப்ரவரி 7, சனி

வெயில் ஏறிவிட்டது. பால் திரிந்துபோயிற்று. அப்பா போன் செய்தார், ட்ரெய்லர் லாரியோடு விஜயவாடாவைத் தாண்டியாயிற்றாம், வருவதற்கு இன்னும் பத்து நாள்.

சாயங்காலம் அம்மா தையல் மிஷினை விட்டு எழுந்துவந்து என் புத்தகத்துக்குள் ஒரு கவரைச் செருகினாள். நான் படித்துக்கொண்டிருந்த அதே பக்கத்தில்.

“சீட்டு எடுத்தேன். பதினஞ்சாயிரம் கீது. நல்ல பொட்டியா வாங்கு.”

“உனக்கு மிஷினுக்கு மோட்டார் வாங்கணும்னு சொன்னியே?”

“காலு இன்னா உடைஞ்சா போச்சி, மிதிச்சிக்கினு கீறேன். நீ ஆபீசராயிட்டு வாங்கிக் குடு.”

பதினைந்து சேர்ந்தால் எல்லாப் பிரச்சினையும் தீரும். நல்ல கேபினெட், பட்டியலில் உள்ளதைவிடப் பெரிய கார்டு. தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை நான். தலையாட்டினேன்.

லேபில் கம்பியை இழுத்துச் சோதிக்கும்போது அது சட்டென்று அறுந்துவிடாது. அதற்கு முன் ஓர் இடத்தில் மட்டும் இளைக்கும். கழுத்து விழுந்துவிட்டது என்போம். அதைப் பார்த்த பிறகு எந்த இடத்தில் அறும் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கவரைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை ரயில். மீஞ்சூரில் உட்கார இடம் கிடைத்தது. பையில் பட்டியல், ஸ்டீல் ஸ்கேல், காந்தம், என் பணம், அம்மாவின் கவர்.

சென்னையில் ரிச்சி தெரு, வரிசையாகக் கம்ப்யூட்டர் கடைகள். முதல் கடையில் என்னைக் கவனிக்கவே இல்லை. இரண்டாவது கடைக்காரர் நாற்பது வயது, மூக்குக் கண்ணாடி, கையில் டீ.

“இன்னா பார்க்கணும் மேடம்?”

“கேமிங் பிசி. பாகம் பாகமா.”

“தம்பிக்கா?”

“எனக்கு.”

சொன்ன பிறகுதான் உறைத்தது, இதை வாய்விட்டுச் சொல்வது இதுவே முதல் தடவை. அதுவும் பெயர் தெரியாத ஒருவரிடம். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

“அப்ப குந்துங்க. எந்த ஜிகினாவும் காட்டி உங்கள ஏமாத்த முடியாதுன்னு தெரியுது.” ஆனாலும் ஏழு வர்ண விளக்கு வைத்த கண்ணாடி கேபினெட்டைக் காட்டினார்.

“லைட்டு எரிஞ்சா வேகமா ஓடுமா?”

“வேகமா விக்கும் மேடம்.”

கார்டின் நீளத்தை ஸ்கேலால் அளந்தேன், பிறகு அங்கே இருந்ததிலேயே மலிவான கேபினெட்டின் உள்புறத்தை. பட்டியலில் எழுதியிருந்த கார்டுக்கு இடம் இருக்கிறது, பன்னிரண்டு மி.மீ. மிச்சம். பொருள் வாங்க வந்து பக்கத்தில் நின்றவர், “இன்னா மேடம், வூடு கட்டவா அளக்குறீங்க?” என்றார்.

வாங்கியவை: ப்ராசஸர், போர்டு, மெமரி, எஸ்எஸ்டி, பவர் சப்ளை (100–240, நானே படித்துப் பார்த்தேன்).

பெரிய கார்டைக் கையில் கொடுத்தார். கனம். கவர் பையில்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

“யோசிக்கணுமா?”

“யோசிச்சாச்சு. வேற ஒரு வேலை பாக்கி இருக்கு.”

கார்டும் கேபினெட்டும் அடுத்த ஞாயிறு.

பிப்ரவரி 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா ஒரு பச்சை ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கவரை மிஷின் மேல் வைத்தேன்.

“அம்மா, பரீட்சை எதுவும் இல்ல. நான் அப்ளை பண்ணவே இல்ல.”

மிஷின் நின்றது. “அப்ப கம்ப்யூட்டரு?”

“விளையாட.”

“யாரு வெள்ளாட?”

“நான்தான்.”

“சின்னப் பசங்க வெள்ளாடுமே, அதுவா?”

“பெரியவங்களும் விளையாடுவாங்கம்மா.”

“எந்தப் பெரியவங்க? இந்தத் தெருவுல ஒருத்தியக் காட்டு.”

தெருவில் உள்ளவர்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

அம்மா ஊசியைத் தூக்கித் துணியை வெளியே எடுத்தாள். “வெள்ளாடறது தப்புன்னு நான் சொல்லல. பொய் சொன்ன பாரு, அத்தச் சொல்றேன். ஜாக்கெட்டு குடுக்க வர்றவ எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிக்கினு கீறேன், எம் பொண்ணு ஆபீசராவப் போறான்னு. இனிமே எந்த மூஞ்ச வெச்சிக்கினு அவளுங்களுக்கு அளவெடுப்பேன்?”

அம்மா கவரை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் திருகும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது.

சொன்னதில் வருத்தமில்லை. ஒரு மாதம் தள்ளிப்போட்டதில்தான். என் பணத்துக்கு என்ன வாங்கலாம் என்பது மறுபடியும் என் கணக்கு. அது நிம்மதி.

பிப்ரவரி 13, வெள்ளி

மூன்றாவது நாள். “சோறு வெச்சிருக்கு.” “கேஸ் வந்திச்சி.” இவ்வளவுதான் பேச்சு.

பாதி நாள் லீவு. பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முன்னறையில் அளவு கொடுக்க வந்த அக்காவின் குரல்: “இன்னாக்கா, பொண்ணுக்கு எப்போ பரீட்சை?”

கையில் இருந்த துண்டு அப்படியே நின்றது.

“அவ எழுதல,” என்றாள் அம்மா. “இருக்கற வேல நல்லாத்தான் கீது. கைய தூக்கு, அக்குளு அளவு எடுக்கணும்.”

அந்த அக்கா போன பிறகு பின்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

“தூசி தூசின்னு போன்ல பொலம்பிக்கினு இருந்தியே. இன்னா அது?”

பேப்பரும் காந்தமும் எடுத்துவந்து காட்டினேன். தூசி எழுந்து நின்றது. அம்மா குனிந்து பார்த்தாள். பேப்பரை வாங்கித் தானே காந்தத்தை நகர்த்திப் பார்த்தாள்.

“இத்தயா நான் இருபது வருஷமா தொடைச்சிக்கினு கீறேன்?”

பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கேபினெட் விஷயத்தைச் சொன்னேன். வடிகட்டி வைத்தது விலை அதிகம், மலிவானதில் வெறும் வலைதான் என்று. அம்மா கேட்டுக்கொண்டே பழைய ஃபிரிட்ஜின் பக்கம் போனாள். கம்ப்ரஸர் போய் மூன்று வருடம், இப்போது அதில் அம்மாவின் துணி மூட்டை. கதவைத் திறந்து விளிம்பு ரப்பரை விரலால் நெம்பினாள்.

“கதவு கிட்ட கொண்டு போனா தானா போயி ஒட்டிக்கும். இன்னான்னு நெனச்ச? இந்த ரப்பருக்குள்ள காந்தப் பட்டை கீது. அத்த உருவி சுத்தி வெச்சி, நடுவுல நைலான் வலை தெச்சா?”

எனக்கு இது தோன்றவே இல்லை. தினமும் காந்தத்தோடு புழங்குகிறவள் நான்.

“கேபினெட்டோட வலை இரும்பா இருந்தா ஒட்டிக்கும்மா. தூசியும் பட்டையிலயே பிடிச்சிக்கும்.”

“அளவு சொல்லு.”

“முந்நூத்தம்பத்தஞ்சு மில்லிமீட்டர்...”

“அதெல்லாம் உன் கம்பிக்கு. இன்ச்சில சொல்லு.”

பதினாலுக்கு ஆறு. அழுக்கானால் கழற்றித் துவைக்க, மாற்றி மாட்ட, இரண்டு வேண்டும் என்றேன். கூலி யார் கொடுப்பது என்று கேட்டாள். மூன்று நாளில் முதல் கேலி.

காந்தம் எஸ்எஸ்டியை ஒன்றும் செய்யாது. படித்து உறுதி செய்துகொண்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ரயிலில் கூட்டம். கடைக்காரர் ஸ்டூலை முன்பே எடுத்துவைத்திருந்தார்.

முதல் கேபினெட்: முன் வலையில் காந்தம் ஒட்டவில்லை. பிளாஸ்டிக். இரண்டாவது: அலுமினியம். மூன்றாவது, போன வாரம் அளந்தது: டக் என்று ஒட்டியது. மூன்றிலும் அதுவே விலை குறைவு.

“இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். காந்தம் வெச்சி கேபினெட் வாங்குற மொத ஆளு நீங்கதான்.”

“எங்க ஊர்ல இனிமே எல்லாரும் அப்படித்தான் வாங்கணும்.”

கார்டு, பட்டியலில் எழுதிய அதே கார்டு. ஒரு படிகூட இறங்கவில்லை, ஏறவும் இல்லை. என் பணத்திலேயே முடிந்தது. ஆட்டோவுக்கும் மீதி இருந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

லீவு போட்டேன். துணி வெட்டும் மேஜையை அம்மா காலி செய்து கொடுத்தாள். சாக்கட்டி, டேப், நடுவே என் போர்டு. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டரைக்கு முடித்தேன். கார்டு உள்ளே போய் உட்கார்ந்தபோது முன்பக்கம் பன்னிரண்டு மி.மீ. இடைவெளி. ஸ்கேல் பொய் சொல்லவில்லை.

ஸ்விட்ச் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை.

அம்மா வாசலில் இருந்தே, “அவ்ளோதானா?” என்றாள்.

கம்பி நிராகரிப்பு வந்தால் செய்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனேன். பத்து நிமிடம். ப்ராசஸருக்குப் போகிற தனி ஒயரை மாட்டவே இல்லை.

“நூலு கோக்காம மிஷின மிதிச்சிருக்க,” என்றாள் அம்மா.

மாட்டினேன். திரை வெளிச்சமானது.

பிப்ரவரி 22, ஞாயிறு

காற்று. மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாம்பல் ஆகிவிட்டது. ஒரு வாரம் கழித்து வடிகட்டியைக் கழற்றினேன். காந்தப் பட்டை முழுக்கக் கறுப்பு மயிர். கேபினெட்டுக்குள் விரல் வைத்தால் சுத்தம். அம்மா துவைக்கிற கல்லில் அதைத் தட்டிவிட்டு இரண்டாவதை மாட்டினாள். விளிம்பில் பிக்கோ வேறு அடித்திருக்கிறாள்.

ஃபர்னஸ் போட்டபோது ட்யூப்லைட் மங்கியது. கம்ப்யூட்டர் அசையவில்லை. பிரபு அண்ணனிடம் சொல்ல வேண்டும்.

மதியம் சீரியல் இல்லாத நேரம். அந்த மலைக்கு நடந்தேன். உறையவில்லை. புல் அசைகிறது, நிழல் கூடவே வருகிறது. அம்மா ஜாக்கெட் ஹெம்மிங்கோடு பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

“மேல போனா இன்னா கெடைக்கும்?”

“ஒண்ணும் கிடைக்காதும்மா. போகலாம், அவ்வளவுதான்.”

“சுடுறது, வெட்டுறது?”

“வேணும்னா உண்டு. நான் நடக்கறதுக்குத்தான்.”

உச்சிக்கு வந்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, நடுவில் ஆறு, அதற்கு அப்பால் வெளிச்சமாக ஏதோ ஊர்.

“அந்த ஆத்துக்கு அந்தாண்ட தெரியுதே,” என்றாள் அம்மா. “அங்கயும் வுடுவானா?”

“யாரும் தடுக்க மாட்டாங்க.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அப்ப போ.”