மூன்று மொட்டைகள் பார்படாஸ் போன கதை

மச்சான்,

இன்று காலை திருமலையில் உன் பேத்திக்கு முதல் மொட்டை. உன் மகள் ஜோதிக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அவளுக்குத் தாய்மாமனான நானே அவள் பெண்ணுக்கும் மாமன் என்று சொல்லி மடியைக் கொடுத்தேன். குழந்தை போட்ட கூச்சல் ஏழு மலைக்கும் கேட்டிருக்கும். சரி, பக்கத்து வரிசைக்குக் கேட்டது. முடி இறக்கியதும் ஒரு கை சந்தனத்தைக் குழைத்து அந்தச் சின்னத் தலையில் தடவினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே நான் மலையில் இல்லை. பார்படாஸ் ஏர்போர்ட்டில், தலையில் அதே சந்தன வாசனையோடு, உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆறு வருஷம் ஆகிறது. மேற்கிந்தியத் தீவான பார்படாஸில் ஜோதி டாக்டர் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கப் போகிறாள் என்று போன் வந்ததும் சித்தூரில் உன் வீட்டுக் கூடத்தில் நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். நீ, என் தங்கச்சி, நான். அவள் பாஸ் பண்ணினால் குடும்பத்தோடு மொட்டை என்று தங்கச்சி வேண்டியிருந்தாள்.

"திரும்பி வந்து போட்டுக்கலாம். பாஸ்போர்ட்டுல மீசையோட இருக்கேன்" என்றாய் நீ.

"வேண்டுதலை பாக்கி வெச்சிக்கினு ஏழு கடல் தாண்டுவியா?" என்று நான்தான் மடக்கினேன். "அதுவும் இல்லாம எண்ணெ, சீப்பு, ஷாம்பு எதுவும் வேணாம். பொட்டியில அந்த எடைக்குப் புளியோதரைப் பொடி வெச்சிக்கலாம்."

"அண்ணன் சொல்றது கரெக்டு தான்" என்றாள் தங்கச்சி. பேச்சு முடிந்தது. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மலைக்குப் போய் மூன்று தலையும் வழித்துக்கொண்டு இறங்கினோம். பெட்டியில் ரைஸ் குக்கர், ஆவக்காய் ஊறுகாய், அப்பளம். வீட்டை அடமானம் வைத்து மகளைப் படிக்க வைத்த பஸ் கண்டக்டர் நீ. அங்கே போய் ஓட்டலில் துன்ன முடியுமா என்ன?

சென்னை ஏர்போர்ட்டில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், "திருப்பதியா?" என்றார், முத்திரையைக் குத்தினார். "பாத்தியா மச்சான், உலகம் பூரா இப்படித்தான்" என்று நான் சொன்னேன். விமானத்தில் பைலட்டே எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். நீ பக்கத்தில் இருந்தால் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொல்வாய்: "கொறச்சிக்க மச்சான்." சரி. பைலட் இல்லை, சாப்பாட்டு வண்டி தள்ளிய பெண். கை கொடுக்கவில்லை, ஒரு தண்ணீர் பாட்டில் அதிகமாகக் கொடுத்தாள்.

பார்படாஸ் கவுண்டரில் ஒரு பெரிய அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்குத் திருப்பதி தெரியாது. மூன்று பாஸ்போர்ட்டையும் சீட்டுக்கட்டு போல வரிசையாக வைத்தார். ஒன்றில் உன் மீசை, ஒன்றில் என் கிராப்பு, ஒன்றில் தங்கச்சியின் இடுப்பு வரை தொங்கும் ஜடை. நிமிர்ந்தால் மூன்று முட்டை. ஒரு தனி அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். அவருக்குத் திருப்தி இல்லை என்றால் வந்த விமானத்திலேயே திரும்ப வேண்டும் என்று சொன்னார். மறுநாள் காலை ஜோதி மேடை ஏற வேண்டும். தங்கச்சி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். ஏழாவது வரைக்கும் படித்த இங்கிலீஷ். என்ன தொழில் என்று கேட்டார். மாம்பழக் கூழ் தொழிற்சாலை ஓனர் என்றேன். ஏற்றுமதி என்றும் சேர்த்துக்கொண்டேன். எந்த ஓட்டலில் தங்குகிறீர்கள் என்று கேட்டார். ஓட்டல் எங்கே இருந்தது? ஜோதியும் அவளுடைய இரண்டு சிநேகிதிகளும் இருக்கிற அறையில், தரையில் பாய் போட்டுப் படுப்பதாகத் திட்டம். தொழிற்சாலை ஓனருக்கு ஓட்டல் கிடையாதா என்று அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.  என் குரல் ஏறிக்கொண்டே போனது. பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ், நடுவில் கலெக்டர் எனக்கு வேண்டியவர் என்பது வரைக்கும் போய்விட்டேன்.

நீ என் முழங்காலில் கை வைத்தாய். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, சில்லறை எண்ணிக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாய். இவர் ஓனர் இல்லை, மேடம். அந்தத் தொழிற்சாலையில் டிரம் கழுவுகிற இடத்தைப் பார்த்துக்கொள்கிறார். என் மனைவிக்கு அண்ணன், எனக்குச் சிநேகிதன். பயந்துவிட்டார், அதனால் பெரிதாகப் பேசுகிறார். என் மகள் பாஸ் பண்ணினாள், அதற்காக எங்கள் சாமிக்கு முடி கொடுத்தோம். மகள் வெளியே நிற்கிறாள். கேட்டுப் பாருங்கள்.

ஜோதியின் நம்பரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாம் மூன்று பேரும் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி கோவிந்தா சொல்வது நின்றுபோய் உதடு மட்டும் அசைந்தது. திரும்பி வந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று நமக்குத் தெரியவில்லை. மூன்று முத்திரை விழுந்தது. நான் விட்ட மூச்சில் மேஜை மேல் இருந்த காகிதம் பறந்தது. இதைக் குறைக்க மாட்டேன், நிஜமாகவே பறந்தது.

வெளியே மஞ்சள் வேனில் இடித்துக்கொண்டு போகும்போது உன்னோடு நான் பேசவில்லை.

"கோவமா?" என்றாய்.

"அதுக்கு டிரம் கழுவறத சொல்லணுமா?"

"முப்பது வருஷம் பஸ்ல பாத்துக்கினு இருக்கேன். டிக்கெட் இல்லாதவன் தான் சத்தமா பேசுவான். அந்தம்மாவுக்கும் அது தெரியும் மச்சான்."

மறுநாள் மேடையில் ஜோதி தலையை நிமிர்த்தியதுமே நம்மைக் கண்டுபிடித்துவிட்டாள். அவ்வளவு கூட்டத்தில் மூன்று தலை மட்டும் வெயிலில் பளபளவென்று இருந்தது. தங்கச்சி முந்தானையை இறக்கிவிட்டிருந்தாள். நீ கை தட்டவில்லை. சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அப்புறம் இரண்டு வாரம், எந்தச் சீமானும் அனுபவிக்காத விடுமுறை. கடல் யாருக்கும் சொந்தம் இல்லை என்று அந்த ஊர்க்காரர்களே சொன்னார்கள். பெரிய ஓட்டல்காரர்கள் நாற்காலி போட்டுப் படுத்திருக்கிற அதே மணலில் நாம் துண்டு விரித்துப் புளியோதரை துன்னோம். பக்கத்தில் படுத்திருந்த வெள்ளைக்காரருக்குத் தங்கச்சி அப்பளம் கொடுத்தாள். சீமைப் பலாக்காயைச் சீவி வறுத்தாள், உருளைக்கிழங்கு தோற்றது. தெருவோரம் விழுந்து கிடந்த மாம்பழத்தை நான் ருசி பார்த்துவிட்டு, நம் ஊர்ப் பழத்தின் காம்புக்குக்கூட ஈடாகாது என்று அங்கே நின்றவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள். ஒரு நாள் மீன் மார்க்கெட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் வாங்கி, ஆவக்காய் எண்ணெயில் குழம்பு வைத்து, ஜோதியின் சிநேகிதிகள் உட்பட ஆறு பேரும் துன்னோம்.

ஊர் திரும்பியதும் சித்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் கதை சொல்ல ஆரம்பித்தேன். அதிகாரியம்மாவை என் இங்கிலீஷால் மடக்கி மூன்று பேரையும் மீட்டுக்கொண்டு வந்த கதை. சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தேன்.  நீ டீயை ஆற்றிக்கொண்டே, "ஆமா, இவன் தான் பேசினான்" என்றாய். பைலட்டைக் குறைத்தாய், மீனைக் குறைத்தாய். அதை மட்டும் ஒரு தடவைகூடக் குறைக்கவில்லை.

இதை எழுதக் கை கூசுகிறது. போன வருஷம் நீ போன அன்று, உன்னைத் தூக்கிக்கொண்டு போகிற நேரத்தில், தங்கச்சி காட்டிக்கொடுக்க மாட்டாள், இனி அது யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு எனக்குள் வந்தது. தோளில் உன்னை வைத்துக்கொண்டு அப்படி நினைத்தேன். அன்றிலிருந்து அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நாக்கில் மண் ஒட்டியது.

இன்று மத்தியானம் மலை மேல் சாப்பாடு முடிந்ததும் ஜோதியின் மாமனார் வீட்டார் கேட்டார்கள், பார்படாஸ் கதையைச் சொல்லுங்கள் என்று. சொன்னேன். தனி அறை வந்தது. பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அங்கே தங்கச்சி பேத்தியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "அங்க நான் பேசல. மச்சான் தான் பேசினாரு. நான் ஓனரும் இல்ல, டிரம் கழுவற எடத்துல மேஸ்திரி" என்று சொல்லிவிட்டேன்.

ஜோதி சாப்பிட்ட இலையைக்கூட எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"மேஸ்திரியா? அந்தம்மா எனக்கு போன் பண்ணி, உங்க மாமா என்ன வேலைன்னு கேட்டாங்க. கம்பெனி ஓனருன்னு சொன்னேன் மாமா."

"ஏம்மா அப்படி சொன்னே?"

"நீ தானே சின்ன வயசுல இருந்து சொல்லிக்கினு இருந்தே? நான் நெசம்னு தான் நெனச்சேன். அந்தம்மா அப்படிச் சிரிச்சாங்க. உங்க அப்பா வேற சொல்றாரு, ஆனா நீங்க எல்லாரும் ஒரே குடும்பம்னு இப்ப எனக்கு நல்லா தெரியுதுன்னு சொன்னாங்க. அது என்னன்னு நைனா கிட்ட கேட்டேன். 'உன் மாமாவே ஒரு நாள் சொல்லுவான், விடு'ன்னாரு."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சிதான் அதிகம். நானும் சிரித்தேன் மச்சான். பேத்தி தூக்கத்தில் நெளிந்தாள். நெஞ்சில் ஆறு வருஷமாகச் சுமந்த டிரம்மை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒரு நாள் சொல்லுவான் என்று நீ எனக்காக இடம் பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இப்போது மலையிலிருந்து பஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. வளைவுக்கு வளைவு எழுத்து கோணுகிறது, மன்னித்துக்கொள். விரல் இடுக்கில் இன்னும் சந்தனம் இருக்கிறது. முன் சீட்டிலிருந்து ஜோதியின் மாமனார் திரும்பி, ஆள் உயர மீன் என்றீர்களே, நிஜமா என்று கேட்கிறார். இரண்டு கையையும் விரித்தேன். பிறகு உன் குரல் கேட்டது. கையைக் கொஞ்சம் குறுக்கினேன். இன்னும் கொஞ்சம்.

முழங்கை நீளம் மச்சான். அதுவும் வாலோடு சேர்த்து.